பெயரட்டையும் பொருளும்: கண்டி வட்டார நூதனசாலைகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

நூதனசாலை என்னுஞ் சொல்லே சிறிது சிந்திக்கத்தக்கது. நூதனம் என்பது புதுமை. பழம்பொருள்களைத் திரட்டி வைத்துள்ள இடத்துக்கு ஈழத்துத் தமிழர் புதுமையின் பெயரை இட்டு வழங்கி வந்துள்ளனர். தமிழகத்தார் அருங்காட்சியகம் என்பர். எப்பெயரால் வழங்கினும், அங்கு நுழையும் ஒருவரின் கண் முதலிற் பொருளிற் படிந்து, அடுத்த கணமே அதன் அருகிலுள்ள சிறிய அட்டைக்குத் தாவுகின்றது. அவ்வட்டை கூறுவதைப் படித்த பின்னரே அவர் பொருளை இரண்டாம் முறை நோக்குகிறார். முதல் நோக்கில் ஓர் உலோகத் துண்டாகத் தோன்றியது இரண்டாம் நோக்கில் வரலாற்றுச் சான்றாகி விடுகின்றது.

பெயரட்டையில் என்ன எழுதப்படுகின்றது, எம்மொழியில் எழுதப்படுகின்றது, எதனை எழுதாது விட்டுள்ளனர் என்பன பற்றி ஆய்வாளர் பேசியுள்ளனர். அட்டை எதனாற் செய்யப்பட்டது, எந்த மையால் எழுதப்பட்டது, எதனைக் கொண்டு ஒட்டப்பட்டது என்னும் வினாக்களோ பொருட்காப்பாளரின் தொழில் நுணுக்கங்கள் எனக் கொண்டு வரலாற்று மாணவரால் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. இவ்வொதுக்கல் தவறானது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடாகும். ஒரு சமூகம் தன் சான்றுகளை எதனருகே வைக்கின்றது, எதனால் மூடுகின்றது, யார் கையில் தொடக் கொடுக்கின்றது என்பனவும் வரலாற்று வினாக்களே. கண்டி நகரையும் அதன் சூழலையும் எடுத்துக்கொண்டு இதனை நோக்குவோம்.

பல்லே என்னுஞ் சிங்களச் சொல் ‘கீழ்’ எனப் பொருள்படுவது. கண்டி அரண்மனைத் தொகுதியின் கீழ்மாளிகை பல்லே வாகல எனப்பட்டது. அரசியர் உறைந்த அம்மாளிகையே இன்று கண்டித் தேசிய நூதனசாலையாக விளங்குகின்றது. நகருக்குக் கிழக்கே தும்பறைப் பக்கமாக அமைந்த பல்லேகலவின் பெயரிலும் அதே சொல் உண்டு. முன்னது மன்னர் குடும்பத்தின் இடம். பின்னது பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டமாகவும் பின்னர் கொக்கோத் தோட்டமாகவும் பெயர் பெற்று, இன்று அலுவலகங்களும் ஆலைகளும் விளையாட்டரங்கும் சூழ்ந்த புறநகர்ப்பகுதி. முன்னதன் பொருள்களுக்குக் கண்ணாடிப் பேழையும் பெயரட்டையும் வாய்த்தன. பின்னதிற் கோப்பிக் காடு வெட்டியவர்களின் மண்வெட்டிக்கும் கம்பளிக்கும் அவ்வாறொரு வாய்ப்பு நெடுங்காலம் ஏற்படவில்லை. 1869ஆம் ஆண்டிற் கோப்பி இலைநோய் தோன்றிய பின் அத்தொழில் சரிந்தது. அதனைச் செய்தவர்களின் கைப்பொருள்களும் அதனோடு சிதறின.

இலங்கையில் நிறுவன வடிவிலான நூதனசாலை வரலாறு 1877 சனவரி முதலாந் திகதி கொழும்பிலே, ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில் தொடங்குகின்றது. கண்டியில் 1882ஆம் ஆண்டளவில் உருவான கண்டியக் கலைச் சங்கம் அவ்வட்டாரக் கைவினைப் பொருள்களைச் சேகரித்தது. 1942இல் தேசிய நூதனசாலைகளுக்கான கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டிற் கண்டி நூதனசாலையும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. போர்க்காலத்துத் தட்டுப்பாட்டின் நடுவே தொடங்கிய ஒரு நிறுவனம் அட்டைக்கும் பசைக்கும் கைக்கெட்டியதையே பயன்படுத்தியிருக்கும் என்பதை ஊகிக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை.

பொருளுக்குப் பெயர் எழுதும் வழக்கம் நூதனசாலையோடு வந்ததன்று. நம் ஏட்டுச் சுவடி மரபு இதற்குத் தக்க சான்று. சுவடியின் பெயர் பெரும்பாலும் சுவடியின் ஓலையிலேயே, முதலேட்டிலோ விளிம்பிலோ கீறப்பட்டது. கீறிய வரியிற் கரிமசி தடவித் துடைத்தனர். கரி என்பது காபன். அது வெளிறுவதில்லை, அமிலம் உமிழ்வதில்லை, அருகிலிருப்பதை அரிப்பதுமில்லை. பெயர் தாங்கும் பொருளும் பெயர் பெறும் பொருளும் ஒன்றாகவே இருந்தமையால் ஒன்றையொன்று கெடுக்கும் நிலை எழவில்லை. யாழ்ப்பாணத்துப் பனையோலைக்கும் கண்டியத் தாளிப்பனை ஓலைக்கும் இது பொது. ஏடெழுதுவோர் வேதியியல் கற்றவரல்லர்; எனினும் பல நூற்றாண்டுப் பட்டறிவு அவர்களைச் சரியான பொருளுக்குக் கொண்டு சேர்த்திருந்தது.

தனியாகக் கழன்று வரக்கூடிய பெயரட்டை குடியேற்றகால அறிவியலின் விளைபொருள். பேராதனைத் தாவரவியற் பூங்கா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 1849 முதல் 1880 வரை பொறுப்பிலிருந்த துவைற்சு தாம் சேகரித்த உலர்செடிகளுக்குச் சி.பி. எனத் தொடங்கும் இலக்கங்களை இட்டு உலகெங்கும் அனுப்பினார். சிலோன் பிளாண்ட்சு என்பதன் சுருக்கம் அது. ஆனால் அவ்விலக்கம் பெரும்பாலும் ஓர் இனத்தைக் குறித்ததேயன்றி ஓரிடத்தில் ஒருநாள் எடுத்த ஒரு மாதிரியைக் குறிக்கவில்லை. வெவ்வேறு மலைகளில் வெவ்வேறு ஆண்டுகளிற் பறித்தவை ஒரே இலக்கத்தின் கீழ்ச் சேர்ந்தன. பின்வந்த தாவரவியலார் அவற்றைப் பிரித்தறியப் பெரிதும் இடர்ப்பட்டனர். செடி இருக்கின்றது; அது எந்த மலையில், எப்போது, யார் கையாற் பறிக்கப்பட்டது என்பது இல்லை. பெயரட்டை தவறினால் பொருள் வாயிழந்து போகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த பிறவுண் கூட் 1889இல் ஆற்றிய சொற்பொழிவொன்றிற் பெயரட்டையை நூதனசாலையின் உயிர்நாடியாக உயர்த்தினார். பொருளை அட்டைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளுமளவுக்கு அவர் சென்றார். கல்விக்கான நூதனசாலை என்னுங் கருத்து அக்காலத்தே வலுப்பெற்றது. அட்டைகள் பெருகின. பெருகிய அட்டைகள் எதனால் ஆனவை என்பதை எவரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். ஏனெனில் தாளின் தன்மை அந்நூற்றாண்டில் அடியோடு மாறிவிட்டது. 1807இல் இல்லிக் என்னும் செருமானியர் குங்கிலியப் பிசினையும் படிகாரத்தையும் கொண்டு தாளுக்குப் பதமூட்டும் முறையை வெளியிட்டார். 1840களிற் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கித் தாள் செய்யும் வழியைக் கண்டார். கந்தற்றுணியினால் ஆன பழைய தாள் அருகி, மலிவான மரக்கூழ்த்தாள் எங்கும் பரவியது. படிகாரம் ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தைத் தோற்றுவிக்கும். அரைத்த மரத்திலுள்ள இலிக்கினின் ஒளிபட்டு மஞ்சளிக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கரான பறோ பழைய நூல்கள் நொறுங்குவதன் காரணத்தை ஆராய்ந்து, தாளிலுள்ள அமிலமே முதன்மைக் குற்றவாளி என நிறுவினார். நூலகங்கள் விழித்துக்கொண்டன. ஆனால் ஒரு நூல் தன் அமிலத்தால் தானே அழிகின்றது. பெயரட்டையோ தன் அமிலத்தால் அயலிலுள்ள பொருளையும் உடன்கொண்டு போகின்றது. இவ்வேறுபாடு உணரப்படுவதற்கு மேலும் காலம் எடுத்தது.

பேழைக்குள் நிகழும் இத்தகைய தீங்கை முதலிற் கவனித்தவர்களுள் ஒருவர் சிப்பி சேகரிப்பாளரான பைன் என்பவர். 1899இல் அவர் மரப்பேழைகளில் வைத்த சிப்பிகளின் மேல் வெண்பொடி பூப்பதை விவரித்தார். அவர் கூறிய காரணம் பிழையானது. மரத்திலிருந்து மெல்ல வெளியேறும் அசற்றிக்கமிலமும் போமிக்கமிலமும் சுண்ணகத்தோடு தாக்கமுற்று உப்புகளாகின்றன என்பது பின்னரே தெளிவாயிற்று. 1985இல் வெளியான ஆய்வொன்று அவ்வுப்புகளின் இயல்பை நன்கு விளக்கியது. சங்கும் சோகியும் முத்துச்சிப்பியும் நிறைந்த எம் நாட்டுச் சேகரிப்புகளுக்கு இது அயலார் செய்தியன்று.

ஈயத்தின் நிலை இன்னும் மோசமானது. தென்னிலங்கையில் அக்குறுகொடையிற் கிடைத்து, 1999இல் நூலாக விரிவாக வெளியிடப்பட்ட எழுத்துப் பொறித்த ஈயக்காசுகளைத் தமிழ் வரலாற்று மாணவர் அறிவர். அத்தகைய காசொன்றைப் புதிய ஒட்டுப்பலகைப் பெட்டியில், மரக்கூழ் அட்டையின் மேல் வைத்து, கண்டியின் ஈரக்காற்றில் மூடிவைத்தால், சில ஆண்டுகளில் அது வெண்பொடியாக மாறத் தொடங்கும். எழுத்து முதலிற் போகும்.

இவ்விடயத்தில் உலகெங்கும் பின்பற்றப்படும் சோதனையை இலண்டன் பிரித்தானிய நூதனசாலையின் வேதியியலாளர் ஒடி 1973இல் வெளியிட்டார். முறை எளிது. வெள்ளி, செப்பு, ஈயம் ஆகிய மூன்றின் சிறுதுண்டுகளைத் துலக்கி, சோதிக்கப்படவேண்டிய அட்டையோ துணியோ பசையோ சிறிதளவுடனும் சில துளி தூய நீருடனும் கண்ணாடிக் கலமொன்றில் இட்டு இறுக மூடி, 60 பாகை செல்சியசில் 28 நாள் வைக்க வேண்டும். பொருள் இடாத வெறுங்கலம் ஒன்றும் ஒப்பீட்டுக்காக அருகில் இருக்கும். வெள்ளி கறுத்தால் கந்தகம். ஈயம் வெளுத்தால் மரத்திலிருந்து வருவன போன்ற அமிலங்கள். செப்பு நிறம் மாறினால் குளோரைட்டு முதலியன. பாடசாலை ஆய்வுகூடத்திலுள்ள கனலடுப்பு இதற்குப் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத ஒரு சோதனை, வறிய நாடுகளின் சிறிய நூதனசாலைகளிற் பரவாதது ஏன் என்பது தனியே ஆராயத்தக்கது. அறிவு விலையுயர்ந்தது என்ற மயக்கமே காரணங்களுள் ஒன்று எனத் தோன்றுகின்றது. ஒரு முறை தேறிய அட்டையை அடுத்த முறை வாங்கும்போது மீண்டும் சோதித்தல் வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். வணிகர் பெயரை மாற்றாது சரக்கை மாற்றுவர்.

இத்துறையிற் தமிழர் பங்கு சிறிதன்று. சென்னை அரசினர் அருங்காட்சியகத்தில் 1930இல், கிறேவ்லி கண்காணிப்பாளராயிருந்த காலத்தில், வெண்கலப் படிமங்களைக் காப்பதற்கென வேதியியல் ஆய்வுகூடம் நிறுவப்பட்டது. இந்தியாவிலே அவ்வகையில் அது முன்னோடி. அங்குப் பணிபுரிந்த சா. பரமசிவன் மின்பகுப்பு முறையாற் படிமங்களின் அரிப்பை நீக்கினார். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர்கால ஓவியங்களின் நுட்பத்தையும் வேதியியல் முறையில் ஆராய்ந்தார். வெண்கலத்தைப் பற்றும் பச்சைப் பொடி நோய்க்குக் குளோரைட்டே வேர் என்பது அத்தகைய ஆய்வுகூடங்களின் நாளாந்த அனுபவம். பொலனறுவையில் 1907ஆம் ஆண்டை ஒட்டிக் கண்டெடுக்கப்பட்ட சைவப் படிமங்கள் கொழும்பு நூதனசாலையில் உள. பொன்னம்பலம் அருணாசலமும் ஆனந்த குமாரசுவாமியும் அவற்றைப் பற்றி எழுதினர். அவற்றின் அழகைப் பற்றி எழுதப்பட்டதில் நூறிலொரு பங்கேனும் அவற்றின் அடியில் விரிக்க வேண்டிய துணியைப் பற்றித் தமிழில் எழுதப்படவில்லை.

இனி மலைநாட்டுச் சூழலுக்கு வருவோம். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், இரு பருவக்காற்றுகளின் மழையையும் பெறும் பள்ளத்தாக்கில் அமைந்தது. ஆண்டின் பெரும்பகுதியிற் சாரீரப்பதன் 70 வீதத்துக்கு மேலேயே நிற்கும். அந்த அளவிற் பூஞ்சணம் தழைக்கும். கோதுமை மாவிலோ அரிசி மாவிலோ காய்ச்சிய பசை அதற்கு விருந்து; இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அதுவே விருந்து. பூச்சி அணுகாதிருக்க மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். மயில்துத்தம் செப்பின் சல்பேற்று; பூச்சியைத் தடுக்கும், ஆனால் தாளின் சிதைவை விரைவுபடுத்தும். ஐரோப்பியக் கையேடுகள் விதிக்கும் காரமூட்டிய பருத்தி அட்டை அமிலத்துக்கு எதிரானது, பூஞ்சணத்துக்கு எதிரானதன்று. இலண்டனில் எழுதப்பட்ட விதியைக் கண்டியில் அப்படியே நிறைவேற்றுவது, பனிக்காலக் கம்பளியைச் சித்திரை வெயிலில் அணிவதற்கு ஒப்பாகும். கறி தொமிசனின் நூதனசாலைச் சூழல் பற்றிய நூல் 1978இல் வெளியாகி இன்றளவும் துறையின் அடிநூலாக உள்ளது. அவருங்கூட வெப்பவலயத்துக்கெனத் தனியாகச் சிந்திக்க வேண்டியதன் தேவையை மறுக்கவில்லை.

மொழிப் பிரச்சினை இவ்விடத்திற் பொருட் பிரச்சினையாக மாறுவது சுவையானது. 1956இன் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. எனவே அட்டையில் மூன்று மொழிகள் இடம்பெற வேண்டும். அட்டையின் அளவோ பெரிதாவதில்லை, எழுத்துச் சிறுக்கின்றது. தமிழில் ஒரு செய்தியை எழுத ஆங்கிலத்திலும் கூடிய நீளம் வேண்டும்; ஆகவே தமிழெழுத்து இன்னுஞ் சிறுக்கின்றது. சிறுத்த எழுத்தைப் படிக்க இயலாதோர் விளக்கைக் கூட்டுமாறு கேட்கின்றனர். சாயமிட்ட துணிக்கும் ஓலைக்கும் நீர்வண்ணத்துக்கும் 50 இலக்சு ஒளியே ஏற்றது எனப் பொருட்காப்பாளர் வரையறுத்துள்ளனர். ஒளியைக் கூட்டினால் துணி வெளிறும். கூட்டாவிடில் தமிழர் படிக்க முடியாது. ஒரு மொழியினரின் உரிமையும் ஒரு சேலையின் ஆயுளும் இவ்வாறு ஒன்றோடொன்று மோதும்படி விடுவது முறையன்று. வழி உண்டு: அட்டையைப் பேழைக்குள் வைக்காது வெளியே, பார்வையாளரின் கைமட்டத்திற் சாய்வான பலகையில் அமைத்தல், மொழிக்கொரு தனியட்டை, ஒரே அளவெழுத்தில், வெண்ணிறத்திலன்றி மங்கலான பின்னணியிற் கருமையெழுத்து. அட்டை பேழைக்கு வெளியே வந்தால் அதன் அமிலமும் வெளியே வந்துவிடும் என்பது கூடுதல் நன்மை. இரண்டு வழக்குகள் ஒரே தீர்ப்பில் முடிகின்றன.

இவ்விடத்தில் 1815 மார்ச்சு 2ஆந் திகதிய கண்டி உடன்படிக்கை நினைவுக்கு வருகின்றது. அதிற் கையொப்பமிட்ட பிரதானிகளுட் சிலர் தமிழெழுத்திலே கையெழுத்திட்டமை பலரும் அறிந்ததே. கண்டி அரசவையில் அன்று தமிழுக்கு இருந்த இடத்தை, இன்று கண்டியிலுள்ள காட்சிக்கூடமொன்றின் அட்டையில் தமிழ் பெறும் எழுத்தளவோடு ஒப்பிடுதல் ஒரு மாணவருக்கு நல்ல பயிற்சியாகும்.

கண்டிக்கு அண்மையில் தேயிலையின் வரலாற்றைக் கூறும் இரு நூதனசாலைகள் உள. ஒன்று அந்தானையிலே, 1925இல் எழுந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையில் 2001இல் திறக்கப்பட்டது. உருட்டு இயந்திரங்களும் உலர்த்திகளும், 1867இல் இலூல்கந்துரையில் தேயிலை பயிரிடத் தொடங்கிய யேம்சு தெயிலரின் நினைவுகளும் அங்கே உள. மற்றையது கம்பளைக்கு அப்பால் பரதெக்கவில், பழைய லயக் காம்பிராக்களிலே, கண்டியிலிருந்து இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகத்தால் 2007இல் அமைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் நூதனசாலை. முன்னதன் பொருள்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. எண்ணெயிட்டால் நூறாண்டு நிற்கும். பின்னதில் இடம்பெறத் தக்கவை கொழுந்துக் கூடை, கம்பளி, கவ்வாத்துக் கத்தி, தப்பு, பழைய கடிதங்கள், புகைப்படங்கள், மூதாட்டியரின் வெள்ளி நகைகள் முதலியன. இவை யாவும் எளிதில் அழிபவை. உழைப்பாளரின் உடைமை மெல்லியது. ஆகவே அதற்குத் தேவைப்படும் அட்டையும் பெட்டியும் முதலாளியின் இயந்திரத்துக்கு வேண்டியதிலும் நேர்த்தியானவையாக இருத்தல் வேண்டும். நடைமுறையில் நிதி எப்பக்கம் பாயும் என்பதை விளக்கத் தேவையில்லை.

தோட்டப் பொருள்கள் தம்முள்ளே நஞ்சைக் கொண்டவை என்பதும் கவனிக்கத்தக்கது. பழைய தேயிலைப் பெட்டி ஒட்டுப்பலகையால் ஆனது; உள்ளே ஈயத்தகடு வேய்ந்திருப்பர். பலகையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை அரிக்கும். அரித்த பொடி குழந்தையின் கைக்கு நஞ்சு. அப்பெட்டியை வேறெதுவும் கெடுக்க வேண்டியதில்லை. அது தன்னைத் தானே தின்னும். இறப்பரை எடுத்துக்கொள்வோம். 1876இல் எனரத்கொடையில் இறப்பர்க் கன்றுகள் நாட்டப்பட்டன. இந்நாட்டின் இன்னொரு தோட்டப் பயிராக அது வளர்ந்தது. இறப்பரைக் கந்தகமிட்டுப் பதப்படுத்துவர். அந்த இறப்பர் வளையத்தாற் கட்டி வைத்த கடிதக் கட்டின் மேல் வெள்ளித் தண்டை ஒன்றை வைத்தால் தண்டை கறுத்துவிடும். வளையம் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளியிலும் கந்தகம் உண்டு. வெள்ளியையுங் கம்பளியையும் ஒரே பேழையில் வைத்து ‘தொழிலாளர் குடும்பத்தின் உடைமைகள்’ என அட்டையிடுவது கருத்தளவிற் சரி, வேதியியலளவிற் பிழை.

பிளாத்திக்கு உறைகள் பற்றியும் ஒரு சொல். கடைகளிற் கிடைக்கும் மென்மையான, மணமுள்ள, ஒளிரும் உறைகள் பெரும்பாலும் பி.வி.சி. வகையின. அவை காலப்போக்கில் ஐதரோகுளோரிக்கமிலத்தை உமிழும். அவற்றை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் கசியும். உள்ளே வைத்த ஒளிப்படப் பிரதியின் எழுத்தைத் தம் பக்கம் ஒட்டி இழுத்துக்கொள்ளும். மணமற்ற பொலியெத்திலீன் உறையும் பொலியெசுத்தர்த் தகடும் தீங்கற்றவை. இவ்விரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாடு பெரிதன்று, அறியாமையே வேறுபாடு. பல்லாண்டுகளின் முன்னர் ஊரொன்றில் நடைபெற்ற கண்காட்சியில் ஓலைச்சுவடியின் மேலட்டையில் ஒட்டுநாடாவால் இலக்கம் ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டேன். நாடா உலர்ந்து விழுந்துவிட்டது, இலக்கமும் போயிற்று. பசை மட்டும் பழுப்புக் கறையாக ஓலையில் ஊறி நின்றது. சுவடியைத் தந்த முதியவர் அதனைத் துடைக்க முயன்றுகொண்டிருந்தார்.

இறக்குமதி செய்த காப்பகப் பொருள்கள் இன்றி எதுவும் இயலாது என எண்ண வேண்டியதில்லை. பலமுறை துவைத்துக் கஞ்சி நீங்கிய பழைய வேட்டியின் கிழிப்பு, சாயமற்ற பருத்தி நூல், பென்சில் ஆகிய மூன்றும் போதும்: துணிப்பொருள் ஒன்றின் இலக்கத்தை அக்கிழிப்பில் எழுதி ஓரத்தில் இரண்டு தையலிட்டுவிடலாம். பெரிய நூதனசாலைகளும் பருத்தி நாடாவில் இலக்கமெழுதித் தைக்கும் முறையையே பின்பற்றுகின்றன. காபன் மை கொண்ட பேனா வெளிறாது. சாதாரணக் குமிழ்முனைப் பேனாவின் சாயம் ஒளியில் வெளிறும், ஈரத்திற் கசியும். பேழையின் உட்புறத்துக்கு எண்ணெய்ப் பூச்சடித்தால் குறைந்தது நான்கு வாரமாவது திறந்து வைத்த பின்னரே பொருளை வைக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு முதனாள் இரவு வரை பூச்சடிக்கும் எம் நாட்டு வழக்கம் இவ்வகையிற் கொடியது.

பார்வையாளருக்கான செயற்பாடுகள் அண்மைக்காலத்தவை. பாடசாலை மாணவர் பேருந்துகளில் வந்திறங்கி, பேழைகளை வரிசையாகப் பார்த்து, குறிப்பேட்டில் அட்டைகளைப் படியெடுத்துத் திரும்புவதே நெடுங்காலம் நூதனசாலைக் கல்வியாயிருந்தது. இன்று வரைதல், அச்செடுத்தல், களிமண் பிசைதல், தொட்டுப் பார்த்தல் எனப் பலவும் சேர்ந்துள்ளன. வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் இங்கே காப்பு இருமுனைப்பட்டது: பொருளைப் பிள்ளையிடமிருந்து காத்தல், பிள்ளையைப் பொருளிடமிருந்து காத்தல். இரண்டாவது பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. பாடமிட்ட பழைய விலங்குகளிலும் பறவைகளிலும் ஆசனிக்குச் சவர்க்காரம் பூசப்பட்டிருக்கும்; பழைய உலர்செடித் தாள்களில் இரசக் குளோரைட்டு இருக்கக்கூடும். தொட்டுப் பார்க்கக் கொடுப்பதற்கு இவை உரியனவல்ல. பொருளின் நச்சு வரலாறும் அதன் பதிவட்டையில் இடம்பெற வேண்டும்.

வண்ணங்களில் இது இன்னும் நுட்பமானது. கண்டியச் சுவரோவியங்களின் நிறங்களைப் பற்றி 1908இல் வெளியான ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் நூலில் ஆனந்த குமாரசுவாமி விரிவாக எழுதியுள்ளார். சிவப்புக்குச் சாதிலிங்கம், அது இரசச் சேர்வை. மஞ்சளுக்கு அரிதாரம்; அது ஆசனிக்குச் சேர்வை. கொக்கட்டுப் பிசின் மஞ்சளுந் தரும், கடும் பேதியுந் தரும். மரபின்மேற் பற்றுக்கொண்ட ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளுக்கு ‘மூதாதையர் வண்ணங்களை’ அப்படியே தர விரும்பினால் நேரக்கூடியதை எண்ணிப் பார்க்க வேண்டும். மரபு முழுவதும் நன்மையானது என்னும் மனப்பாங்கை வேதியியல் ஏற்பதில்லை. செங்காவியும் கரியும் மஞ்சளும் பிள்ளைகளின் கைக்குப் போதுமானவை. மஞ்சளின் நிறம் வெயிலில் விரைந்து வெளிறும் என்பதையே ஒரு செயற்பாடாக்கலாம். பாதி மறைத்து யன்னலோரத்தில் வைத்த மஞ்சட் கடதாசி, 50 இலக்சு பற்றிய விரிவுரையிலும் நன்றாகப் பாடஞ் சொல்லும்.

கூடத்துக்குள்ளே பென்சில் மட்டும் என்பது கண்டிப்பான விதியாதல் வேண்டும். அரிசிமாக் கோலமும் தானியங்களை ஒட்டிச் செய்யும் படங்களும் வெளியே திண்ணையில் நடைபெறலாம். உள்ளே சிந்திய ஒரு பிடி பயறு வண்டுகளுக்கு அழைப்பிதழ். பூவும் கற்பூரமும் பற்றிப் பேசுவது சிலருக்கு மனவருத்தம் தரலாம். கோயிலிலிருந்து வந்த படிமத்தின் முன் மூதாட்டி ஒருவர் பூ வைப்பாராயின், அவரைக் கடிந்து விரட்டுவது அறிவியலாகாது. பேழைக்கு வெளியே ஒரு மண்டட்டு வைத்து, மாலையில் அகற்றிவிடுதல் அவ்வளவு கடினமானதன்று.

இறுதியாக, பெயரட்டையின் வரலாற்றில் ஓரிடம் பெறவேண்டிய ஒரு பொருளைக் குறிப்பிட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்து மாவட்டங்களிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, தொழிலாளருக்குச் சிறு தகரவில்லைகள் வழங்கப்பட்டன. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் அவற்றிற் பொறிக்கப்பட்டன. அவ்வில்லையைக் கயிற்றிற் கோத்து அணிந்தவர், முகாமும் கப்பலும் புகையிரதமும் கடந்து தோட்டத்துப் பெரட்டுக்களம் வரை கொண்டு சேர்க்கப்பட்டார். செலவு அவ்விலக்கத்துக்குரிய தோட்டத்தின் கணக்கில் ஏறியது. சரக்குப் பொதிக்கு முகவரி கட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு காணல் அரிது. தோட்டத்தை விட்டு விலகுவோர் பெற வேண்டிய ‘துண்டு’ என்னுஞ் சீட்டும் இத்தகையதே. அத்துண்டின்றி வேறு தோட்டத்தில் வேலை இல்லை. கடன் தீராது துண்டும் இல்லை. 1921இல் அம்முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர், பிறப்பையும் வதிவையும் தாளால் நிறுவ வேண்டிய நிலைக்கு இம்மக்கள் தள்ளப்பட்டனர். தாள் இல்லாதவர் நாடில்லாதவரானார். அச்சமூகத்துக்குப் பழுப்பேறிய ஒரு கடதாசி என்ன பெறுமதியுடையது என்பதை வேறெவருக்கும் விளக்குதல் கடினம். லயக் காம்பிராவின் கூரை ஒழுக்கிலும் அடுப்புப் புகையிலும் அதனைத் தகரப் பெட்டிக்குள் வைத்துக் காத்தவர்கள் முதற் பொருட்காப்பாளர்கள்.

அத்தகைய வில்லையொன்று, அல்லது துண்டொன்று, ஒரு குடும்பத்தின் பரணிலிருந்து நூதனசாலைக்கு வந்து சேருமாயின் அதனை எவ்வாறு வைப்பது? தகரமெனப்படுவது பெரும்பாலும் வெள்ளீயம் பூசிய இரும்பு. பூச்சு உரிந்த இடத்தில் ஈரம் பட்டால் துருவேறும், துரு முதலில் இலக்கத்தையே தின்னும். மரப்பெட்டி வேண்டாம். இறப்பர் வளையம் வேண்டாம். பி.வி.சி. உறை வேண்டாம். பொலியெத்திலீன் உறையில், ஈரமுறிஞ்சும் சிலிக்காக் கூழ்மணிகளோடு, துவைத்த பருத்தித் துணியின் மேல் வைத்து, மணிகளை மாதந்தோறும் காயவைத்தல் வேண்டும். கோத்த பழைய கயிற்றைக் கழற்றி எறியலாகாது. அணிந்தவரின் உடலைத் தொட்டது அதுவே. அட்டை பேழைக்கு வெளியே, மூன்று மொழியிலும் ஒரே அளவெழுத்தில். தந்த குடும்பத்தின் பெயர், அவர்கள் விரும்பினால், முதலில். தோட்டத்தின் பெயர் அடுத்து. பொறித்துள்ள இலக்கம் அதன்பின். வில்லையை அணிந்தவரின் பெயர் தெரிந்தால் எழுதுக. தெரியாவிடின் அந்த வரியை நீக்காது, ‘பெயர் பதியப்படவில்லை’ என எழுதுக.